நாற்பத்திரண்டு ரோஜா

"இந்தச் சனியனை இப்பவே சரிபண்றியா, இல்ல உன் மண்டையில போட்டு உடைக்கட்டுமா?"

பூக்கடை பெர்மெத் மவுஸை வாலோடு தூக்கி, கம்ப்யூட்டர் மெக்கானிக் எர்மெக்கின் மேஜையில் எறிந்தாள். அவன் வாயில் வைக்கப் போன சம்சா கீழே விழுந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை அமுக்குது! மாவட்டத் தலைவர் பிறந்தநாளுக்கு இருபத்தொரு ரோஜா ஆர்டர். அமுக்கினேன். பின்கட்டுல ரசீது நாற்பத்திரண்டுன்னு அடிச்சு வந்திருக்கு. என் வீட்டுக்காரன் ஒண்ணு விடாம எண்ணிக் கட்டி அனுப்பிட்டான்!"

"அவருக்குத் தெரியாதா? உயிரோட இருக்கிறவனுக்கு ஒத்தைப்படை, செத்தவனுக்கு இரட்டைப்படைன்னு பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியுமே!"

"கேட்டேன். கம்ப்யூட்டரே சொல்லுதே, ஆள் போயிட்டார் போலன்னு நினைச்சேங்கறான். கறுப்பு ரிப்பன் வேற கட்டியிருக்கான், பாவி!"

எர்மெக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதே. தலைவர் அதைப் பார்த்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துட்டார். துணைத்தலைவர் அதுக்குள்ள அவர் நாற்காலியில உட்கார்ந்து அளவு பார்த்தாச்சு. இன்னொரு தடவை எண்ணிக்கை தப்பினா என் கடைக்குப் பூட்டுன்னு தலைவர் ஆள் அனுப்பியிருக்கார். இன்னிக்கு அவர் சம்சாரத்துக்குப் பதினேழு அனுப்பணும்!"

எர்மெக் மவுஸைத் தன் கம்ப்யூட்டரில் செருகினான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். வேறு துளையில் மாற்றிப் பார்த்தான். ஒரு அமுக்கு, ரெண்டு பாய்ச்சல். திருகைக் கழற்றி வயிற்றைத் திறந்தான்.

"பட்டனுக்கு அடியில இருக்கிற தகடு தளர்ந்து போச்சு. விரலை எடுத்த பிறகும் ஒரு துள்ளு துள்ளுது. எப்பத்திலிருந்து இப்படி?"

"குளிர்காலத்திலிருந்து."

"இப்ப ஆப்பிள் பழுக்கிற காலமே வந்தாச்சு! இத்தனை மாசம் என்னக்கா பண்ணினே?"

"ஒவ்வொரு ரசீதையும் நானே கையால திருத்தினேன். அன்னிக்கு ஒரு நாள் மறந்துட்டேன். உனக்கென்னடா அதைப்பத்தி? புதுசு குடு. நீயே வந்து மாட்டிக் காட்டணும்."

காரா-பால்ட்டா சந்தையில் அவளோடு வாய்கொடுத்து ஜெயித்தவன் கிடையாது. புது மவுஸையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு எர்மெக் பின்னாலேயே போனான்.

பூக்கடையில் மாட்டினான். பதினேழு என்று போட்டு அமுக்கினாள். பதினேழுதான் வந்தது. பின்கட்டிலிருந்து அவள் புருஷன் சாபர்பெக் எட்டிப் பார்த்தான்.

"உயிரோடதானே இருக்காங்க?"

"நீ உயிரோட இருக்கணும்னா வாயை மூடிக்கிட்டுக் கட்டு!"

எர்மெக் பழைய மவுஸைத் தன் பையில் போட்டான். புதுசு மாட்டினால் பழசு மெக்கானிக்குக்கு. சந்தையின் வழக்கம் அது.

"அதை எடு வெளியே," என்றாள் பெர்மெத்.

"வழக்கத்தை மாத்தாதேக்கா. உதிரிபாகம் எனக்கு ஆகும்."

"குடுடா."

"செத்த மவுஸ் உனக்கு எதுக்கு?" சட்டென்று அவன் கண் சுருங்கியது. "ஓஹோ! கல்யாண ஆர்டர் வந்தா இதைச் செருகி, ரெட்டை ரசீது அடிச்சு, ரெட்டைக் காசு! இதுக்குத்தான் குளிர்காலத்திலிருந்து பொத்திப் பொத்தி வெச்சிருந்தியா? நல்லா இருக்கு உன் வியாபாரம்!"

பெர்மெத்தின் முகம் சிவந்தது. "ஆமாடா, கொள்ளைதான் அடிக்கப் போறேன். குடு!" பிடுங்கிக்கொண்டாள்.

அப்போது கதவு திறந்தது. தேய்ந்த கோட்டு, இறுக்கிக் கட்டிய தலைத்துணி. கிளாவ்தியா செம்யோனவ்னா. ஒருகாலத்தில் சர்க்கரை ஆலையில் முப்பது பேரை மேய்த்தவள், இப்போது ஓய்வூதியக்காரி.

"ஒரு கார்னேஷன். வெள்ளை. என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் போறேன்."

'கல்லறைக்கு ஒத்தைப் பூவா?' என்று கேட்க எர்மெக் வாயைத் திறந்தான். பெர்மெத் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"ரொட்டிக்கடைக்காரன் திமிரைப் பார்த்தியா?" கிழவி சில்லறையை எண்ணிக்கொண்டே பொரிந்தாள். "சும்மா ஒரு ரொட்டி நீட்டறான். நான் என்ன பிச்சைக்காரியா? பலகையிலேயே வெச்சுட்டு, அவன் பாட்டன் வரைக்கும் திட்டிட்டு வந்தேன்!"

"நல்லா வேணும் அவனுக்கு," என்றாள் பெர்மெத். குனிந்தாள். புது மவுஸை உருவினாள். பழசைச் செருகினாள். 'ஒன்று' என்று போட்டு, ஒரு தடவை அமுக்கினாள்.

பின்கட்டில் ரசீது கரகரத்தது. சாபர்பெக் வந்து இரண்டு கார்னேஷனை நீட்டினான்.

"ஐயையோ!" பெர்மெத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாருங்க, மறுபடியும் ரெண்டு அடிச்சிருச்சு இந்தப் பைத்தியம்!"

"நான் ஒண்ணுக்குத்தான் காசு தருவேன்."

"ஒண்ணுக்கே குடுங்க. தப்பு என் மிஷினோடது. ஆனா பூவைத் திருப்பி வாளியில போட முடியாது, ரசீது விழுந்தாச்சு. வரிக்காரன் வந்தா என் கழுத்தைப் பிடிப்பான். கிளாவ்தியா செம்யோனவ்னா, தயவுபண்ணி ரெண்டையும் எடுத்துட்டுப் போய் என்னைக் காப்பாத்துங்க!"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னை நான் காப்பாத்த வேண்டியிருக்கு," என்று சலித்துக்கொண்டே கிழவி இரண்டு பூவையும் வாங்கிக்கொண்டாள். பிறகு எர்மெக் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தாள்.

"நீதான் இதுக்கு மெக்கானிக்கா? குளிர்காலத்திலிருந்து இதே கூத்து. ஒரு மவுஸைச் சரிபண்ணத் துப்பில்ல, வெட்கமா இல்ல உனக்கு?"

எர்மெக் பெர்மெத்தைப் பார்த்தான். மேஜை மேல் கிடந்த புது மவுஸை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"எனக்குத் தொழிலே தெரியாதும்மா," என்றான்.