உச்சிப் புத்தகம்

ஹெட்விக் மலையுச்சியில் நட்டிருக்கும் சிலுவையை எட்டும்போது மார்ச் மாத வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. புற்றுநோயிலிருந்து எழுந்தபின் அவள் ஏறும் முதல் மலை இது. அவளோடு சேர்ந்து கிளம்பிய, இருபது வருட மலைத் தோழர்களான அலோயிஸும் மார்கிட்டும் அரை மணி முன்பே வந்துவிட்டார்கள். பனிச்சறுக்கு ஸ்கீக்களின் அடியில், ஏறும்போது வழுக்காதிருக்க ஒட்டியிருந்த பட்டைகளை உரித்துச் சுருட்டி, இறங்கத் தயாராய் நிற்கிறார்கள். தேநீர்க் குடுவை பைக்குள் போய்விட்டது. “அட, வந்துட்டியா? நீ பாதியிலயே திரும்பியிருப்பேன்னு நெனச்சோம்,” என்கிறான் அலோயிஸ். “திரும்பறதா இருந்தா சொல்லிட்டுத்தான் திரும்புவேன்,” என்கிறாள் அவள், மூச்சு வாங்க. மார்கிட் அவள் தோளைத் தட்டுகிறாள். “கோவிச்சுக்காதடி. வெயில்ல பனி இளகிடும், நாங்க முன்னால இறங்கறோம். நீ மெதுவா வா.” ஸ்கீக்களின் உரசல் சரிவில் தேய்ந்து அடங்குகிறது. சிலுவையில் தொங்கும் தகரப் பெட்டியைத் திறந்து, ஏறி வந்தவர்கள் பெயரெழுதும் புத்தகத்தை எடுக்கிறாள் ஹெட்விக். இன்றைய தேதிக்கு நேரே அலோயிஸின் கோணல் கையெழுத்து: ‘அலோயிஸ், மார்கிட். இரண்டு பேர்.’ கையுறையைப் பல்லால் கழற்றுகிறாள். விறைத்த விரல்களில் பென்சில் நிற்க மறுக்கிறது. அடுத்த வரியில் தன் பெயரை அழுத்தி எழுதுகிறாள். உடன் வந்தவர்கள் என்ற கட்டத்தில் ‘யாருமில்லை’ என்று எழுதிப் புத்தகத்தை மூடுகிறாள்.