முருங்கைக்காய் சாம்பார்

கடியப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அப்பா, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த இறாலைத் தானே உரித்து, குடல் எடுத்து, அலசிக் கொடுத்தார். ஜெசிந்தா அடுப்பைப் பற்றவைக்குமுன் அதற்கு மேலே சுவரில் இருந்த மணமாற்றியைத் தட்டினாள். அது மட்டும் இல்லையென்றால், அசைவம் சமைக்கக் கூடாத இந்தக் குடியிருப்பில் அவளால் ஒரு மாதம்கூட இருந்திருக்க முடியாது. வழக்கம்போல் அதில் முருங்கைக்காய் சாம்பார் மணத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

வாணலியில் பூண்டும் மிளகும் பொரிந்தன. இறால் சுருண்டு சிவந்தது. வீடு முழுக்கச் சாம்பார் மணந்தது.

"என்ன மக்களே, எறா மணமே வரல்லியே. கெட்டுப்போச்சோ?" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்குப்பா. மேல இருக்க அந்த மெஷின்தான் மணத்தை மாத்திடும்."

அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு வைஜெயந்தி.

"சாம்பார் வாசனை ஆளைத் தூக்குது ஜெசி! பொடி எங்க வாங்கினீங்க?"

"அப்பா ஊர்லேருந்து கொண்டுவந்தாங்க," என்றாள் ஜெசிந்தா, கதவைப் பாதி மறைத்து நின்றுகொண்டு.

அவள் திரும்பி வந்தபோது, வலை இழுத்துக் காய்த்துப்போன தன் இரண்டு கைகளையும் விரித்து மணமாற்றியின் அடியில் நீட்டிக்கொண்டிருந்தார் அப்பா.

"என்னப்பா செய்றீங்க?"

"அந்தப் பொண்ணு உள்ள வந்தா உனக்குக் கொறச்சலா இருக்கப்பிடாதுல்லா மக்களே. மாறிட்டான்னு பாரு."

அவள் அந்தக் கைகளை வெடுக்கென்று இழுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். சாம்பார் மணந்தது. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதன் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.