கண்ணாடியை இறக்காதே

"ஏசி கம்ப்ரஸர் போயிடுச்சுங்க. உப்புக் காத்துல அரிச்சிருக்குது. புதுசு போட்டா ரொம்பச் செலவாகும்" என்றான் மரக்காணம் மெக்கானிக் தௌபீக்.

"அவ்ளோ வசதி இல்லப்பா. பழசு எதுனா போட முடியுமா?" என்றார் கலியமூர்த்தி.

"தேடணும். பாண்டிச்சேரிக்குத்தானே? கண்ணாடிய இறக்கிட்டு ஈசிஆர்ல போங்க. கடல் காத்து ஜிலுஜிலுன்னு வரும்."

"ஐயோ, இறக்கவே கூடாது!"

மூடிய காருக்குள் அவர் மனைவி வியர்வையில் நனைந்துகொண்டிருந்தாள். கையில் காசில்லாதவருக்கு இந்த வீம்பு எதற்கு என்று தௌபீக்குக்கு எரிச்சல் வந்தது.

கலியமூர்த்தி குரலைத் தாழ்த்தினார்.

"பொம்மையார்பாளையத்துல எங்க புள்ளைய அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. அலைச் சத்தம் கேட்டா, அவன் கூப்புடுறான்னு ஓடுற வண்டியிலயே கதவைத் திறந்துடுறா. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

தௌபீக் பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினான்.

"திண்டிவனம் சுத்திப் போங்கண்ணே. அந்த ரோட்டுல கண்ணாடிய இறக்கலாம். கடல் கேக்காது."