காலை ஆறரை மணிச் சவாரி

“ஒரு கோடி ரூபியா குடுத்தாலும், நீங்க ரெண்டு பேரும் என் வண்டியில உக்காந்து வர்றதுக்கு ஈடாகாதுப்பா” என்றான் ஹர்யந்தோ.

பர்ஜியோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாகெலாங் சந்தையில் முப்பது வருஷம் வெங்காயம் விற்றவர். எதையும் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டே பழக்கம். மகன் சொன்ன இந்த விலையை மட்டும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

அவரும் மனைவி வகியெமும் ஜகார்த்தாவைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காலை ஆறரைக்கெல்லாம் மகன் இருவரையும் காரில் ஏற்றிக்கொள்வான். ஆபீசுக்கு எதிரே பூங்காவில், கையில் இலைச்சோற்றுப் பொட்டலத்தோடு இறக்கிவிடுவான்; சாயந்திரம் ஐந்துக்கு வந்து கூட்டிப்போவான். சனி, ஞாயிறு மட்டும் அசந்து தூங்குவான்.

நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்களைவிட அதன் மரியாதைதான் பர்ஜியோவை அசத்தியது. பெரிய சாலை தொடங்கும் இடத்தில் போலீஸ்காரர் குனிந்து, வண்டிக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வழிவிட்டார்.

“நம்ம ஊர் போலீஸ் என்னைக்காவது வெங்காயக்காரன் முன்னாடி குனிஞ்சிருக்கானா?”

“ஓசி வெங்காயம் பொறுக்கக் குனிவான்” என்றாள் வகியெம்.

சாலையோரம் ஆட்கள் வரிசையாக நின்று, போகிற கார்களைப் பார்த்து ஒற்றை விரலை உயர்த்தினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் இரண்டு விரல். இங்கே விருந்தாளிக்கு இப்படித்தான் வணக்கம் போலிருக்கிறது என்று பர்ஜியோவும் தினமும் அவளுக்கு இரண்டு விரலைக் காட்டினார்.

நேற்று வகியெமுக்குத் தலைவலி. “நான் படுத்துக்கறேன்டா, அப்பாவைக் கூட்டிட்டுப் போ.”

“நீ இல்லாம நான் எப்படிம்மா கிளம்புவேன்?” என்று தலையணையோடு தூக்கிவந்து காரில் உட்காரவைத்தான். “அந்தக் கடையைத் தள்ளிவிட்டுட்டு இங்கயே இருந்துடுங்களேன்.”

அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? இன்று காலை பூங்காவில் இறங்கியதும் பர்ஜியோ ஊருக்குப் போன் போட்டார். பக்கத்துக் கடைக்காரர் கேட்ட விலைக்கே கடையைக் கொடுத்துவிட்டார். சந்தையில் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

பத்து மணிக்குமேல் அந்தக் கைக்குழந்தைக்காரி வந்து அவர்கள் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். பர்ஜியோ பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கும் ஒரு பங்கு நீட்டினார்.

“தினம் உங்களைப் பாக்கறேனே, யாரு வண்டி அது?” என்றாள் அவள்.

“என் மகனுதும்மா. நாங்க இல்லாம ஒரு நாள்கூட ஆபீஸ் போகமாட்டான்!”

“எப்படிப் போவாரு?” அவள் சிரித்தாள். “ஆபீஸ் நேரத்துல மூணு பேர் இல்லாத காரை அந்த ரோட்டுல விடமாட்டாங்களே. ஆள் குறைஞ்சா எங்களை மாதிரி யாரையாவது கூலிக்கு ஏத்திக்குவாங்க. தலைக்கு இருபதாயிரம். இந்தக் குட்டிப் பயலும் ஒரு தலை.”

பர்ஜியோவின் கை சோற்றிலேயே நின்றது.

“எத்தனை நாளா போய் வர்றீங்க?”

“இன்னியோட பன்னண்டு” என்றாள் வகியெம், புருஷன் முகத்தைப் பார்க்காமல்.

கைக்குழந்தைக்காரி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

“ரெண்டு தலை, ரெண்டு வேளை, பன்னண்டு நாள்... இன்னிக்குச் சாயந்திரத்தையும் சேத்துக்கிட்டா, உங்க பிள்ளைக்கு ஒம்பது லட்சத்து அறுபதாயிரம் மிச்சம்!”