கடைசி வரிசை

"தள்ளுங்க சார்! உங்களைவிட நான் தாழ்மையானவன்!"

பிரார்த்தனைக் கூடத்தில் இப்படியொரு சத்தமா? செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்கள்.

கடைசி வரிசைப் பாய்க்காக ஜவுளிக்கடைக்காரரும் ரிட்டையர்டு தலைமையாசிரியரும் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் இருந்தது. "அடுத்த வாரம் கூடத்துக்குப் புதுத் தலைவரை அறிவிப்பேன். இருக்கிறதிலேயே தாழ்மையானவர் யாரோ, அவர்தான்!" என்று போன வாரம் குரு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விளைவு? முன்வரிசை காலி. கடைசி வரிசையில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம்.

"ஆறு மணிக்கே வந்து துண்டு போட்டேன் சார்!" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"நான் நாப்பது வருஷமா தாழ்மை! எங்க ஸ்கூல்ல கேட்டுப் பாரும்!" பிரம்பு ஒன்றுதான் இல்லை தலைமையாசிரியர் கையில்.

எப்படியோ முழங்கையால் இடம் பிடித்து உட்கார்ந்த ஜவுளிக்கடைக்காரர், தலைவர் நாற்காலியைக் கண்ணாலேயே ஒருமுறை தடவிக்கொண்டார். அப்படியே திரும்பினார். திக்கென்றது.

அவருக்கும் பின்னால், வாசற்படியை ஒட்டி, வெறுந்தரையில் ஒருவர் குந்தியிருந்தார். தெருவில் சாக்கடை அடைப்பு எடுப்பவர்.

அடப்பாவி, நம்மையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டானே!

"யோவ், முன்னாடி அத்தனை இடம் கிடக்கு. எழுந்து போய்யா."

"பரவாயில்லைங்க ஐயா, இங்கேயே இருந்துக்கறேன்."

"ஓகோ! நீயும் தலைவர் பதவிக்குப் போட்டியா?"

"ஐயய்யோ, எனக்கெதுக்குங்க அதெல்லாம்!"

"அப்ப எதுக்கு இந்த வேஷம்? நாலு பேர் பார்க்கணும்னுதானே?"

கையைப் பிடித்து இழுத்தேவிட்டார். தலைமையாசிரியர் இன்னொரு கையைப் பிடித்தார். இதில் மட்டும் இருவருக்கும் அப்படியொரு ஒற்றுமை.

குரு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அந்த மனிதர் கூனிக் குறுகி, கையைப் பிடித்திருந்த இருவருக்கு மட்டுமே கேட்கும் குரலில் சொன்னார்:

"காலையில குழியில இறங்கிட்டு வந்தேங்க. மூணு தடவை சோப்பு போட்டுக் குளிச்சும் நாத்தம் போகல."

ஜவுளிக்கடைக்காரர் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

"முன்னாடி உட்கார்ந்தா ஃபேன் காத்துல உங்க எல்லாருக்கும் அடிக்குங்க. இங்கேன்னா வாசலோட போயிடும். நீங்க நிம்மதியா சாமி கும்பிடணுமில்லீங்களா?"