பிட்டுப் பார்த்த இட்லி

நாலாவது மாத்திரையும் கேட்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னதும், ரயிலில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன் போல மாரிக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்று வருஷமாக அவன் விழுங்கிய மாத்திரைகளைக் கோத்தால் தாராவியிலிருந்து இந்த நெருள் ஆஸ்பத்திரி வரைக்கும் தோரணம் கட்டலாம். மனச்சோர்வு மட்டும் ஒரு ஸ்டேஷனில்கூட இறங்கவில்லை.

"பசி எப்படி?"

"பசிக்கு என்ன குறை டாக்டரம்மா, காலையில முப்பது இட்லி திங்காவ" என்றாள் அவன் மனைவி பூமாரி.

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

முப்பது உண்மைதான். கிங்ஸ் சர்க்கிளுக்குச் சைக்கிளில் விற்கப் போகும் நானூறு இட்லியையும் மாரிக்கண்ணன் விடியுமுன்னே தனியாக உட்கார்ந்து பிட்டுப் பார்ப்பான். உள்ளே ஊக்கு கிடக்கும் என்று ஒரு நினைப்பு.

இதுவரை கிடந்ததில்லை. அதனாலேயே நாளைக்குக் கிடக்கும்.

பிட்டும் சந்தேகம் தீராததை அவனே தின்றுவிடுவான். அடுத்தவன் தொண்டையில் குத்துவதற்குப் பதில் தன் தொண்டையில் குத்தட்டும்.

பிட்ட இட்லியை யார் வாங்குவார் என்று பார்த்தால், அதுதான் தாராவி ஸ்டைல் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். குர்லாவில் ரெண்டு பேர் நல்ல இட்லியை மெனக்கெட்டு உடைத்து விற்கிறார்களாம்.

"மனச்சோர்வு மட்டும்னா இந்நேரம் கொஞ்சமாவது அசைஞ்சிருக்கணும். கூட வேற எதாவது இருக்கா? பயம்? விடாம வர்ற நினைப்பு?"

"ஒண்ணும் இல்ல."

மூன்று வருஷமாக இதே பதில். மாவு ஆட்டுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உன் மாவில்தான் ஊக்கு தேடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

"நீங்க சொல்லுங்கம்மா."

பூமாரி ஃபேன் காற்றில் தோளிலிருந்து சரிந்த முந்தானையை இழுத்துவிட்டாள். மறுபடி சரிந்தது. இழுத்து இடுப்பில் செருகி, முழங்கையால் அமுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் மாரிக்கண்ணன் பார்த்தான். தோளில் ஊக்கு இல்லை. தாலியில் முன்னெல்லாம் கொத்தாகத் தொங்கிய ஊக்குகளும் இல்லை. மாவில் விழ அவள் மேல் ஒரு ஊக்குகூட இல்லை.

"ஒண்ணு இருக்கு, டாக்டரம்மா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

சொல்லி முடித்தபிறகு, வேறு வழியில்லாமல் பூமாரியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான்.

கல்யாணத்துக்குப் போட்ட மூக்குத்தியைக் காணோம். துளையே தூர்ந்துபோயிருந்தது.