ஏழாவது வரியில் ஒரு கழித்தல்

ஜன்னலுக்கு வெளியே, இறங்க வேண்டிய கிரகம் மெல்ல இடப்பக்கமாக நழுவி, போயே போய்விட்டது.

பெட்டி கட்டி, தலை வாரி, வரிசையில் நின்ற நாற்பது பயணிகளும் “மறுபடியுமா!” என்று அலறினார்கள். முதல் தடவை விண்கல் மழை என்றார் கேப்டன். இரண்டாவது தடவை சூரியப் புயல். ஒவ்வொரு தடவையும் விண்கலம் ஒரு சுற்று சுற்றி இங்கே வந்து சேர மூன்று மாதம்.

எஞ்சின் மெக்கானிக் கணக்கறைக்கு ஓடினான்.

பாதையைக் கணக்கிடுகிறவள் தாளின் மேல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மனசில் இருப்பதைச் சொல்லத் தினமும் வந்து, மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவன் அவன். தரையிறங்கிவிட்டால் அவள் ஒரு திசை, அவன் ஒரு திசை.

எட்டிப் பார்த்தான். ஏழாவது வரியில், கூட்டல் போட வேண்டிய இடத்தில் கழித்தல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

வெளியே கேப்டனின் காலடிச் சத்தம். பார்த்தால் அவள் வேலைக்கு உலைதான்.

சட்டென்று பேனாவை எடுத்து, கழித்தலின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். கூட்டல் ஆகிவிட்டது. அவள் வாயைப் பிளந்தாள்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு கேப்டன். என் எஞ்சின்தான் கடைசி நேரத்துல காலை வாரிடுச்சு.”

ஒருநாளும் தும்மக்கூடச் செய்யாத எஞ்சின். சொந்தத் தம்பியைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது போல இருந்தது அவனுக்கு.

கேப்டன் தாளைப் பார்த்தார். ஈரம் காயாத மையைப் பார்த்தார். பயணிகளிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

கூடத்தில் நாற்பது பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டு கிழி கிழியென்று கிழித்தார்கள். அவனோ மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. கணக்கறை மைக்கின் மேல் யாரோ கையை ஊன்றியிருக்க வேண்டும்.

“பெத்த பொண்ணாச்சேன்னு ரெண்டு தடவை நானும் பொய் சொல்லிட்டேன்” என்றது கேப்டனின் குரல். “இந்தச் சுத்துதான் கடைசி, இதுக்கு மேல எரிபொருள் கிடையாது. அந்த ஊமைக்கோட்டான் வாயைத் திறக்கிற வழியைக் காணோம். நீயே கேட்டுடுடி!”

“வெக்கமா இருக்கும்மா” என்றது இன்னொரு குரல்.

கூடமே மெக்கானிக்கின் பக்கம் திரும்பியது.

பிறகு நாற்பது பேரும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, மெக்கானிக்கை அலாக்காகத் தூக்கிக்கொண்டு கணக்கறைப் பக்கம் நடந்தார்கள்.